வழக்கு வேறு பெயரில் வரும்: சிறு சபைகளின் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான போதகர் ஐயாமாரே, மூப்பர்களே, ஜெபவீடுகளைத் தாங்கி நிற்கும் அக்காமாரே, அண்ணன்மாரே,

உங்கள் யாவருக்கும் ஸ்தோத்திரம்.

ஓட்டுவீட்டுத் திண்ணையிலும், தகரக் கொட்டகையிலும், மொட்டைமாடியில் போட்ட ஷெட்டிலும் ஞாயிறுதோறும் கூடுகிற இருபது பேர், முப்பது பேர் கொண்ட சபைகளுக்காக இந்த மடலை எழுதுகிறோம். பெரிய திருமண்டலங்களுக்கும் மறைமாவட்டங்களுக்கும் நூறாண்டுப் பத்திரம் இருக்கிறது, கூப்பிட்டால் வர வக்கீல் இருக்கிறார். ஜெபம் நடத்தக்கூடாது என்று கூட்டம் திரண்டு வாசலில் நிற்பது பெரும்பாலும் உங்கள் வீட்டு வாசலில்தான். அந்த நேரத்தில் உங்கள் பக்கத்தில் ஒரு போதகரும் அவர் மனைவியும் நாலைந்து பெண்களும்தான் இருப்பார்கள்.

எதிர்ப்பு வந்தால் "பாடு வரும்னு வேதமே சொல்லுதே, ஜெபிப்போம்" என்கிறோம். அது சத்தியம், அதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் தானியேலின் சரித்திரத்தை நினைத்துப் பாருங்கள். அவனைக் கவிழ்க்க நினைத்தவர்கள் முதலில் அவன் உத்தியோகத்தையும் கணக்குவழக்கையும்தான் துருவினார்கள். அங்கே ஒன்றும் அகப்படாததால்தான் அவனுடைய தேவனைக் குறித்தே சட்டம் போடச் செய்தார்கள். அவன் சிங்கக் கெபிக்குள் போனதற்கு அவனுடைய ஜெபம் மட்டுமே காரணமாக இருந்தது. நாம் அப்படி நிற்கிறோமா என்பதே இந்த மடலின் கேள்வி.

விசுவாசத்தின் மேல் நேராக வழக்கு வருவது அபூர்வம். அது எப்போதும் வேறு பெயரில்தான் வரும். நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் அதிகாரியாக இருந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம் மேல் சாட்டப்பட்டது அரசத் துரோகம். மூன்று ஆண்டு வதைக்குப் பிறகு 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அன்று துரோகம் என்று சொன்னதை இன்று "ஒலித்தொந்தரவு", "அனுமதியில்லாத கட்டடம்", "பொது அமைதிக்குப் பங்கம்", "ஆசைகாட்டி மதமாற்றம்", "வெளிநாட்டுப் பணம்" என்கிறார்கள். இந்த ஐந்து வாசலையும் நாம் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வந்தவனைப் பார்த்து "விசுவாசத்துக்காக உபத்திரவப்படுகிறோம்" என்று சொல்ல முடியாது. அந்நிய காரியங்களில் தலையிட்டுப் பாடுபடாதீர்கள், கிறிஸ்தவனாயிருப்பதினால் பாடுபட்டால் வெட்கப்படாதீர்கள் என்று பேதுரு இரண்டையும் ஒரே மூச்சில் எழுதியதை மறக்க வேண்டாம்.

முதலில் இடம்.

உங்கள் வீட்டில் உங்கள் குடும்பத்தோடு ஜெபிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உறவினரோ நண்பரோ வந்து உடன் ஜெபித்தாலும் அது வீட்டு ஜெபம்தான். அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்தரத்தையும், ஒரு மதத்தைக் கடைப்பிடிக்கவும் எடுத்துரைக்கவும் உள்ள உரிமையையும் எல்லாருக்கும் தருகிறது. பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு அது உட்பட்டது. ஆனால் வாசலில் பெயர்ப்பலகை மாட்டி, நேரம் எழுதி, மேலே சிலுவை வைத்து, ஊரார் யாரும் வரலாம் என்று திறந்துவிட்டால் அரசாங்கத்தின் பார்வையில் அது பொது வழிபாட்டிடம். பொது வழிபாட்டிடம் கட்டவோ, இருக்கிற கட்டடத்தை அப்படி மாற்றவோ மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்பது தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் நெடுங்காலமாக இருக்கிறது. கோயில், மசூதி, சர்ச் எல்லாவற்றுக்கும் ஒரே விதி.

இங்கே நடக்கும் தவறு ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். குடியிருப்பு வீடு என்று ஊராட்சியில் வரைபட அனுமதி வாங்குகிறோம். வீட்டு வரி கட்டுகிறோம், வீட்டு மின் இணைப்பு வாங்குகிறோம். கட்டி முடித்து ஆறு மாதத்தில் பிரதிஷ்டை வைத்துப் பெரிய பேனர் கட்டுகிறோம். மறுவாரம் மனு போகிறது. தாசில்தார் வந்து கோப்பைப் புரட்டினால் காகிதத்தில் வீடு, நேரில் ஆலயம். பூட்டி சீல் வைக்க அவருக்கு வேறு காரணமே தேவையில்லை.

ஆகவே நிலம் வாங்கும்போதே பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, மூலப்பத்திரம் தொடர்ச்சியாக இருக்கிறதா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றில் என்ன வருகிறது, புலப்பட வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கோ பாதைப் புறம்போக்கோ குறுக்கிடுகிறதா? ஐந்து சென்ட் வாங்கி அதில் அரை சென்ட் புறம்போக்கு என்று தெரியவந்தால், மீதி நாலரை சென்டில் நீங்கள் கட்டியதும் சேர்ந்து சிக்கலுக்குள் போகும். போதகரின் சொந்தப் பெயரில் சபை நிலத்தை வாங்க வேண்டாம். அவர் காலமானபின் வாரிசுகளுக்குள் வழக்கு வந்தால், எதிர்ப்பாளர் யாரும் வராமலே சபை கலைந்துபோகும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தாலே சங்கமாகப் பதியலாம். அல்லது அறக்கட்டளைப் பத்திரம் எழுதி அதன் பெயரில் வாங்குங்கள்.

ஆட்சியருக்கு மனு கொடுக்கும்போது பத்திர நகல், பட்டா, வில்லங்கச் சான்று, இட வரைபடம், கட்டட வரைபடம், சங்கப் பதிவுச் சான்று ஆகியவற்றை இணையுங்கள். சுற்றியுள்ள வீட்டார் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்த கடிதங்கள் கிடைத்தால் அதுவும் சேரட்டும். மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். வருவாய்த் துறையிடமும் காவல்துறையிடமும் அறிக்கை கேட்பார்கள். கோப்பு அங்கே உறங்கிவிடும். முப்பது நாள் பொறுத்து, மனு எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால், மனுவைக் குறிப்பிட்ட காலத்துக்குள் பரிசீலித்து உத்தரவிடும்படி உயர்நீதிமன்றத்தில் ரிட் போடலாம். தென்மாவட்டத்தார் மதுரைக் கிளைக்குப் போகலாம். நிராகரித்தாலும் எழுத்தில் காரணத்தோடு நிராகரிக்கட்டும். எழுத்தில் இருக்கும் உத்தரவை எதிர்த்து மேல்முறையிடலாம், வாய்மொழியாகச் சொன்ன "வேண்டாம்" என்பதை எதிர்த்து எங்கேயும் போக முடியாது.

இனிச் சத்தம். இதைப் பற்றித்தான் அதிகமாக எழுதப்போகிறோம். சபைகள் மூடப்படுவதில் பாதிக்கு மேல் சண்டை இங்கேதான் தொடங்குகிறது என்பது எங்கள் கணிப்பு.

சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்ட் 30இல் தீர்ப்புச் சொன்னது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்தோ மேளம் அடித்தோ ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பு நம்மைப் பற்றியது. அதற்குப் பிறகும் "நம்ம ஆராதனை, நம்ம உரிமை" என்று பேசுவதில் பொருள் இல்லை.

கணக்கு இதுதான். ஒலி மாசு விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. தனியார் இடத்தில் வைத்திருக்கும் ஒலிக்கருவியின் சத்தம் அந்த இடத்தின் எல்லைச் சுவரில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. அதாவது பகலில் சுற்றுச்சுவரில் 60. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி, அங்கே பகலில் 50, இரவில் 40. ஒலிபெருக்கிக்கு எழுத்து அனுமதி வேண்டும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினாலே 60 டெசிபல் வரும். அப்படியென்றால் உங்கள் சவுண்ட் பாக்ஸ் பக்கத்து வீட்டுச் சமையலறையில் ஒரு பேச்சுக்குரல் அளவுக்கு மேல் கேட்கக்கூடாது. இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் ஜெபவீட்டுக்குள் நுழைந்து பாருங்கள்.

பதினைந்துக்கு இருபது அடி அறையில் முப்பது பேர். அங்கே மைக்கே தேவையில்லை. ஆனால் இரண்டு பெரிய பாக்ஸ், மிக்சர், கீபோர்டு, டிரம் பேட் எல்லாம் இருக்கும். பாக்ஸைச் சுவரில் ஏழடி உயரத்தில் ஜன்னலுக்கு மேல் மாட்டியிருப்பார்கள். தகரக் கூரை. ஜன்னல் திறந்திருக்கும், ஏனென்றால் மின்விசிறி ஒன்றுதான். சத்தம் ஜன்னல் வழியே நேராக எதிர்வீட்டுப் படுக்கையறைக்குப் போகிறது. பேஸ் ஒலி கதவை மூடினாலும் சுவரைத் தாண்டும். தகரம் அதோடு சேர்ந்து அதிரும். உள்ளே இருப்பவர்களுக்கு அது மகிமையாக இருக்கலாம். எதிர்வீட்டில் மார்ச் மாதம் பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு அது வேறு.

செய்ய வேண்டியது கடினம் இல்லை. மைக்கை எடுத்துவிடுங்கள். முடியாது என்றால் ஒரே ஒரு சிறு பாக்ஸை உட்சுவரை ஒட்டித் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், சபையாரைப் பார்த்து, ஜன்னலுக்கு முதுகு காட்டி வையுங்கள். மிக்சரில் பேஸைக் குறையுங்கள். டிரம் பேடை நிறுத்துங்கள், கஞ்சிரா போதும். எதிர்வீட்டுப் பக்க ஜன்னலை மூடி, மறுபக்கம் ஒரு எக்சாஸ்ட் ஃபேன் போடுங்கள். தகரத்துக்கு அடியில் தெர்மோகோலோ தென்னங்கீற்றுத் தட்டியோ கட்டினால் அதிர்வு குறையும், வெயிலும் தணியும். கைபேசியில் டெசிபல் காட்டும் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. அது நீதிமன்றத்தில் செல்லாது, ஆனால் உங்களுக்குப் போதும். ஆராதனை உச்சத்தில் இருக்கும்போது ஒரு வாலிபன் வெளியே போய்ச் சுற்றுச்சுவரின் நான்கு பக்கமும் நின்று பார்த்து எழுதி வரட்டும். முழு இரவு ஜெபம் என்றால் பத்து மணிக்கு எல்லாக் கருவியையும் அணைத்துவிடுங்கள். கர்த்தருக்குக் காது கேட்கும்.

வண்டிகளையும் கவனியுங்கள். பக்கத்து வீட்டு வாசலை மறித்து நிற்கும் இரண்டு பைக்குகள் போதும். இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உண்டு. உங்களை ஊரைவிட்டே துரத்த நினைப்பவர் ஊரில் நாலு பேர்தான் இருப்பார்கள். அவர்கள் எழுதும் மனுவில் ஐம்பது கையெழுத்து வேண்டும். மீதி நாற்பத்தாறு கையெழுத்தும், உங்கள் மேல் எந்தப் பகையும் இல்லாமல், தூக்கம் கெட்டதற்காகவும் வாசல் மறிக்கப்பட்டதற்காகவும் போடப்படுபவை.

இத்தனையும் சரியாக வைத்திருந்தும் ஒரு ஞாயிறு பத்தரை மணிக்கு ஆட்கள் வந்து நிற்கலாம். கைபேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டே "யாரைக் கேட்டு நடத்துறீங்க?" என்று உள்ளே நுழையலாம். அப்போது பேச ஒரே ஒருவர்தான் முன்னால் வர வேண்டும். அவர் யார் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். கோபக்கார வாலிபன் அதற்கு உகந்தவன் அல்ல. குழந்தைகளை இரண்டு அக்காமார் பின்னறைக்கு அழைத்துப் போகட்டும். இரண்டு பேர் இரு வேறு மூலையிலிருந்து படம் எடுக்கட்டும், ஒரு கைபேசியைப் பிடுங்கினாலும் மற்றது இருக்கும். ஒருவர் 100க்கோ 112க்கோ அழைத்து இடத்தையும் நேரத்தையும் சொல்லட்டும். வந்தவர்களைத் தொடாதீர்கள், தள்ளாதீர்கள். தெய்வங்களைப் பற்றி அந்த இடத்தில் ஒரு வார்த்தையும் விவாதிக்காதீர்கள். "எங்க வீட்டில் ஜெபம் பண்றோம், போலீசுக்குச் சொல்லியிருக்கோம், அவங்க வரட்டும்" என்பதற்கு மேல் பேச்சு வேண்டாம். சூடான வார்த்தை ஒன்று விழுந்தால், மத உணர்வைப் புண்படுத்தினார் என்று வழக்கு திரும்பி உங்கள் மேல் வரும். அவர்கள் எடுத்த காணொளியில் அந்த ஒரு வார்த்தை மட்டும்தான் மிஞ்சும்.

நீங்கள் எடுத்த காணொளியை அன்றே வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். ஆத்திரத்தில் யாராவது தலைப்புக் கொடுப்பார்கள், வேறு ஊர்க் காட்சியையும் சேர்த்துவிடுவார்கள். பிறகு உண்மையான படமும் பொய்யாகிவிடும். மூலப் பதிவை அழிக்காமல் அதே கைபேசியில் வைத்து, ஒரு நகலைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

புகாரை அன்றைக்கே எழுதுங்கள். தேதி, நேரம், இடம், எத்தனை பேர் வந்தார்கள், யார் யாரைப் பெயர் சொல்லி அடையாளம் தெரியும், யார் எதைச் செய்தார், என்ன உடைந்தது, யாருக்கு எங்கே அடி, பார்த்தவர் யார் என்று வரிசையாக இரண்டு பக்கத்துக்குள் முடியட்டும். வசனங்களும் பிரசங்கமும் அதில் வேண்டாம். "கொலைவெறித் தாக்குதல்" போன்ற பெரிய சொல் வேண்டாம், தள்ளினார் என்றால் தள்ளினார் என்றே எழுதுங்கள். மிகைப்படுத்திய ஒரு வரி மொத்தப் புகாரையும் கெடுக்கும். அடிபட்டவரை முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய், எப்படிக் காயம் பட்டது என்பதைச் சொல்லிப் பதியச் செய்யுங்கள். புகாரை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் நிலைய முத்திரையும், கூடவே புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்குங்கள்.

2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 298 வழிபாட்டிடத்தைச் சேதப்படுத்துவது, 300 வழிபாட்டுக் கூட்டத்தைக் கலைப்பது, 301 கல்லறையில் அத்துமீறுவது பற்றியவை. 300ஆம் பிரிவின் சொற்களைக் கவனியுங்கள். "சட்டப்படி" வழிபாட்டில் கூடியிருக்கிறவர்களுக்குத் தொந்தரவு செய்வதுதான் குற்றம். மேலே இடத்தையும் சத்தத்தையும் பற்றி எழுதியதெல்லாம் இந்த ஒரு சொல்லுக்காகத்தான். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 173(4)இன்படி புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனு போடலாம். எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். வேறு காவல் நிலைய எல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் முடியாது. சாட்சி விசாரணைக்காகப் பெண்களையும் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களையும் நிலையத்துக்கு வரவழைக்கக்கூடாது, அவர்கள் வீட்டில்தான் கேட்க வேண்டும். வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் 15100க்கு அழையுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

எல்லாவற்றையும்விட ஆபத்தான நேரம் அதன் மறுநாள்தான். தாசில்தார் அலுவலகத்திலோ நிலையத்திலோ சமாதானக் கூட்டம் என்று கூப்பிடுவார்கள். இரண்டு தரப்பும் நிற்கும், வெளியே கூட்டம் இருக்கும். மாலை ஏழு மணி ஆகியிருக்கும், போதகர் மத்தியானம் சாப்பிட்டிருக்கமாட்டார். ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க பாஸ்டர், பிரச்சினை முடிஞ்சிரும்" என்பார்கள். வாசகத்தையும் அவர்களே சொல்வார்கள்: "இனி இந்த ஊரில் ஜெபம் நடத்தமாட்டேன் என உறுதியளிக்கிறேன்." களைப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த ஒரு தாள் அடுத்த பத்தாண்டுக்கு உங்கள் கோப்பில் முதல் பக்கமாக இருக்கும். ஆட்சியர் அனுமதி கேட்டாலும், நீதிமன்றம் போனாலும் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

மறுத்துச் சண்டை போட வேண்டாம். உங்கள் வாசகத்தை நீங்களே எழுதுங்கள்: "என் வீட்டில் ஒலிபெருக்கி பயன்படுத்தமாட்டேன். பொது ஆராதனைக்கு ஆட்சியர் அனுமதி கேட்டு இன்ன தேதியில் மனு கொடுத்துள்ளேன். அதன் முடிவு வரும்வரை பெயர்ப்பலகை வைக்கமாட்டேன். என் வீட்டில் என் குடும்பத்தாரோடும் உறவினரோடும் ஜெபிக்கும் உரிமையை இதனால் விட்டுக்கொடுக்கவில்லை." இதை ஏற்கவில்லை என்றால், "உங்கள் உத்தரவை எழுத்தில் கொடுங்கள் ஐயா, அதன்படி நடக்கிறோம்" என்று பணிவாகக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பவுல் ஆயிரம் அடி வாங்கத் தயாராக இருந்தவர்தான், ஆனாலும் வாரினால் கட்டியபோது, விசாரிக்காமல் ரோமனை அடிக்க உங்களுக்கு அதிகாரம் உண்டா என்று கேட்டார். உரிமையைக் கேட்பது விசுவாசக் குறைவு இல்லை.

அடுத்து மதமாற்றக் குற்றச்சாட்டு. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் திரும்பப் பெறப்பட்டது. இன்று இங்கே அப்படிச் சட்டம் இல்லை. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத் போன்ற மாநிலங்களில் இருக்கிறது, அங்கே ஊழியத்துக்குப் போகிறவர்கள் அந்தந்த மாநிலச் சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். எடுத்துரைக்கும் உரிமை உண்டு, ஆனால் அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாறுவது அவரவர் மனச்சாட்சி. நம் வேதமும் அதற்கு மேல் கேட்பதில்லையே.

ஆகவே அரிசிப் பையையும் கைப்பிரதியையும் ஒரே கையில் கொடுக்காதீர்கள். வெள்ள நிவாரணம் கொடுக்கிற அன்று பிரசங்கம் வேண்டாம், கொடுத்துவிட்டு வாருங்கள். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் சேர்க்காதீர்கள். "பக்கத்து வீட்டுப் பிள்ளைதானே" என்று சேர்த்ததில்தான் சிக்கல் வரும். நோயாளிக்காக ஜெபியுங்கள், மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். சர்க்கரை நோயாளி ஒருவர் இன்சுலினை விட்டுவிட்டு இறந்துபோனால் அந்தச் சபைக்காக யாரும் எங்கேயும் வாதாட முடியாது, வாதாடவும் கூடாது. பிறர் வணங்குவதைப் "பேய்" என்றும் "கல்" என்றும் மேடையில் பேசுவதை இன்றோடு விடுங்கள். சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லும்படி பேதுரு எழுதியதை நாம் எப்போது மறந்தோம்?

ஞானஸ்நானத்துக்குப் பதினெட்டு நிறைந்ததற்கான சான்றும், தன் கையெழுத்தில் எழுதிய விண்ணப்பமும் வாங்குங்கள். ஆறு மாதமாவது காத்திருக்கட்டும். ஊர்ப் பொதுக்குளத்தில் கொடுக்க வேண்டாம். ஞானஸ்நானத்துக்கு முன்பே ஆதிதிராவிடர் குடும்பத்தாரிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்லுங்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். பழங்குடியினருக்கு இந்த மதத் தடை கிடையாது. பட்டியல் சாதித் தகுதி போனால் அந்த ஒதுக்கீட்டில் பிள்ளைக்கு வரும் வேலையும் ஊராட்சித் தனி வார்டும் கைநழுவும். "சர்டிஃபிகேட்டை அப்படியே வச்சிக்கோ, யாரும் கேக்கமாட்டாங்க" என்று ஆலோசனை சொல்லும் போதகர்கள் இருக்கிறார்கள். விசுவாசத்தில் கிறிஸ்தவராக இருந்துகொண்டு, வேலைக்காக மட்டும் இந்து என்று கோருவது அரசியல் சாசனத்தையே ஏமாற்றுவது என்று, புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆணை அநீதியானது என்றே நாங்கள் உறுதியாக நம்புகிறோம். மதம் மாறியதால் சேரிக்குப் பாதையோ கிணறோ மாறிவிடவில்லை. அந்த ஆணையில் மதத்தை வைத்துத் தடுக்கும் பத்தியை நீக்க வேண்டும் என்று மத்திய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையமும் 2007இல் பரிந்துரைத்தது. அதற்காக வெளியரங்கமாகப் போராடுவோம். ஆனால் ஒரு இருபது வயதுப் பிள்ளையை, இரண்டு பெயரோடு பயந்து பயந்து வாழ வைப்பதைச் சாட்சி என்று சொல்லாதீர்கள்.

பண விஷயம் சுருக்கமாக. காணிக்கையை அன்றே இரண்டு பேர் எண்ணி, பதிவேட்டில் எழுதி, சபைப் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். வெளிநாட்டுக் குடிமகன் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை, அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது. துபாயிலிருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரர் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியே அனுப்புவது அதில் சேராது. ஆண்டுக்கொருமுறை கணக்கைச் சபை நடுவே வாசியுங்கள். கேட்கிற அயலாருக்கும் காட்டுங்கள்.

திருமணம் நடத்தி வைக்கும் போதகர்கள் 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அதிகாரம் இல்லாமல் அந்தச் சட்டப்படி திருமணம் நடத்தினால் பத்தாண்டு வரை சிறை. உரிமம் இல்லாவிட்டால் உரிமம் உள்ள போதகரை அழையுங்கள், நீங்கள் ஆசீர்வாத ஜெபம் செய்யுங்கள். பதிவு விட்டுப்போனால் பின்னால் பாஸ்போர்ட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் அந்தப் பெண்தான் அலைவாள்.

அடக்கத்தைப் பற்றிச் சாவு விழுந்தபின் யோசிக்காதீர்கள். சத்தீஸ்கரில் ஒரு மகன், தன் தகப்பனாரான போதகரைச் சொந்த ஊரில் புதைக்க முடியாமல், உடலைப் பிணவறையில் வைத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 2025 ஜனவரியில் நீதிபதிகள் இருவரும் மாறுபட்டுத் தீர்ப்பளித்தார்கள். கடைசியில் வேறு ஊரிலுள்ள கிறிஸ்தவக் கல்லறையில்தான் அடக்கம் நடந்தது. உங்கள் ஊரில் எந்தச் சுடுகாடு, அது யார் கட்டுப்பாட்டில், ஊராட்சிப் பதிவேட்டில் எப்படி இருக்கிறது என்று இப்போதே விசாரியுங்கள். மனந்திரும்பாத பிள்ளைகளை உடைய முதியவர்கள், தங்களை எப்படி அடக்கம் பண்ண வேண்டும் என்று இரண்டு சாட்சிகளோடு எழுதி வைக்கட்டும். எழுதியிருந்தாலும், பிணத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு சபை இழுபறி செய்ய வேண்டாம்.

இவையெல்லாம் வெளியே. வீட்டுக்குள் நிற்பதைப் பற்றிப் போதகர்கள் அதிகம் பேசுவதில்லை. கூட்டுக்குடும்பத்தில் ஒரு மருமகள் மட்டும் விசுவாசியாக இருக்கிறாள். பொங்கலுக்குப் பானை வைக்காதே, பூ வைக்காதே, தாலியைக் கழற்று என்று மேடையிலிருந்து சொல்வது எளிது. அதன் விலையை அடுப்படியில் அவள் ஒருத்திதான் கொடுப்பாள். படைத்ததை உண்பதா என்பதில் அவள் மனச்சாட்சிப்படி நடக்கட்டும். சமைக்கவும் கோலம் போடவும் மாமியாருக்குக் கால் பிடித்துவிடவும் தடை சொல்லாதீர்கள். ஆராதனைக்கு வரமுடியாத வாரங்களைக் கணக்கெடுத்துக் கடிந்துகொள்ளாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பிற்காலத்தில் சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும்படி இரண்டு பக்கமாய்க் கட்டி, நடுவே சுவர் எழுப்பிய ஆலயம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்த சுவரை ஊரே அறியும். ஊரார் நம்மை ஒதுக்குகிறார்கள் என்று ஆட்சியரிடம் மனு கொடுக்கும் சபையில், சபை விருந்தன்று யார் சமைத்ததை யார் சாப்பிடாமல் எழுந்து போகிறார் என்பதையும் மூப்பர்கள் பார்க்க வேண்டும்.

இந்த வாரம் மூன்று காரியம் செய்யுங்கள். நிலத்தின் பத்திரத்தையும் பட்டாவையும் எடுத்து ஒரே உறையில் போட்டு, நகலை வேறொரு வீட்டில் வையுங்கள். ஞாயிறு ஆராதனை நடக்கும்போது சுற்றுச்சுவருக்கு வெளியே ஒருவரை நிறுத்திச் சத்தத்தை அளந்து பாருங்கள். மூன்றாவதாக, கடந்த மாதம் தனியாக வந்து கடைசி வரிசையில் முக்காடிட்டு உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு வராமல் போன அந்த அக்கா எப்படி இருக்கிறார் என்று போதகரம்மா ஒருமுறை போய்ப் பார்த்து வரட்டும். வேதாகமத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டாம், வெறுங்கையோடு சாதாரணமாகப் போய் வாருங்கள்.

கர்த்தருக்குள் உங்கள்,
சிறு சபைகளோடு பணிசெய்யும் உடன் ஊழியர்கள்